எட்டு வீட்டு ரஜாய்

பழைய துணி சேர்க்கும் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்று யாராவது கேட்டால் சரியாகப் பதில் சொல்லத் தெரியாது. கல்லூரியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். உடன் வேலை பார்த்தவர்களில் நாணயம் சேர்ப்பவர் ஒருவர், தபால்தலை சேர்ப்பவர் ஒருவர். எனக்கும் ஏதாவது வேண்டியிருந்தது. பழைய துணிக்கு மட்டும் போட்டியே இல்லை. தேரில் தொங்கி வெளுத்த தொம்பைத் துணி, ஆரணியில் ஒரு வீட்டுப் பரணில் கிடந்த பட்டு, ஓரம் எரிந்துபோன சமுக்காளம் என்று செங்கம் ரோட்டில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டின் பின்னறை நிரம்பிக்கொண்டே வந்தது. என் மனைவி அந்த அறைக்கு 'லாண்டரி' என்று பெயர் வைத்திருந்தாள்.

எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் ராமபாணப் பூச்சி அந்தப் பட்டில் பாதியைத் தின்றுவிட்டது. அதன் பிறகுதான் பெரிய தகர டிரங்குப் பெட்டி ஒன்று செய்யச் சொல்லத் தேரடிக்குப் பின்னாலிருந்த ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் என் வயதுக்காரர். ஊரில் எல்லோரையும் போல நானும் அவரைப் பாய் என்றே கூப்பிட்டேன். பெட்டியைக் கைவண்டியில் ஏற்றி, அவரே மாடிவரை தூக்கி வந்து இறக்கினார். உள்ளே என்ன வைக்கப்போகிறேன் என்று எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், புதுப் பெட்டி செஞ்சி கிழிஞ்ச துணிய வைக்கிறீங்க?"

"அப்படிக் கேளுங்க பாய்" என்றாள் என் மனைவி.

ஒவ்வொன்றையும் பிரித்துக் காட்டி, எந்தக் காலம், எந்தச் சாயம் என்று அவருக்குப் பாடமே நடத்தினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "எங்க தெருவுல ஒரு ரஜாய் இருக்குது சார். இதுக்கெல்லாம் அது ஜாஸ்தி பழசு. இப்போ எங்க வூட்டுலதான் இருக்குது" என்றார்.

ரஜாய் என்றால் பஞ்சு வைத்துத் தைத்த கனமான போர்வை. அவர்கள் தெருவில் எட்டு வீடுகள். யார் வீட்டில் பிரசவம் நடக்கிறதோ அங்கே ரஜாய் போகும். தாயும் பிள்ளையும் நாற்பது நாள் அதில்தான் படுப்பார்கள். நாற்பதாம் நாள், பிள்ளையை முதன்முதல் சுற்றிய துணியிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி ரஜாயின் ஓரத்தில் வைத்துத் தைப்பார்கள். அடுத்த வீட்டில் பிரசவம் வரும்வரை அது அந்த வீட்டிலேயே இருக்கும். கடைசியாகப் பிறந்தது பாயின் சின்ன மகள். அதனால் அப்போது அது அவர் வீட்டில் இருந்தது.

"அப்ப உங்களுது இல்லையா பாய்?"

"யாருதும் இல்ல சார். தெருவுது."

இதை அவர் என்னிடம் முதல் நாளே சொல்லிவிட்டார். அது யாருடையது என்று எனக்குத் தெரியாது என்று பின்னால் நானே நினைத்துக்கொள்ள முடியாதபடி தெளிவாகவே சொன்னார்.

அடுத்த ஞாயிறு அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் விரித்துக் காட்டினார்கள். நடுவில் சிவப்பும் நீலமுமாகச் சின்னச் சின்ன முக்கோணங்கள் சேர்ந்த ஒரு பெரிய நட்சத்திரம். அதைச் சுற்றி வெல்வெட், கோடுபோட்ட பட்டு, ஜரிகை கறுத்துப்போன ஏதோ ஒரு கல்யாண உடையின் கை. அதற்கு வெளியே வரிசை வரிசையாகப் பிள்ளைகளின் துண்டுகள்: மல், பூப்போட்ட சீட்டி, லுங்கிக் கட்டம், கடைசியாக டெரிலின். ஓரம் நேராக இல்லை. ஒரு பக்கம் நீண்டும் ஒரு பக்கம் குறைந்தும் இருந்தது. நான் நட்சத்திரத்தின் மேலேயே கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதைப் பாய் கவனித்திருக்கிறார்.

அடுத்த வருஷம் கல்லூரி திறக்கும் சமயம் அவர் என்னைத் தேடி வந்தார். மூத்த மகன் எங்கள் கல்லூரியில் பி.எஸ்ஸி.க்கு மனு போட்டிருந்தான்.

"உங்க வாயால ஒரு வார்த்த சொன்னீங்கன்னா போதும் சார்."

மாணவர் சேர்க்கைக் குழுவின் கூட்டம் அன்று மதியமே முடிந்திருந்தது. நான் அதில் உட்கார்ந்திருந்தேன். அவர் மகன் நல்ல மார்க் வாங்கியிருந்தான்; இடம் கிடைத்துவிட்டது. யாரும் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை. மறுநாள் எப்படியும் தெரியப்போகிறது. ஆனால் நான், "பார்க்கிறேன் பாய், சொல்லிப் பார்க்கிறேன்" என்றேன்.

பெரிய மனிதனாகத் தெரியவேண்டும் என்ற ஆசைதான் காரணம், ரஜாய் என் நினைவிலேயே இல்லை என்று இங்கே எழுதிவிடலாம். மறுக்க ஆளில்லை. ஆனால் நினைவில் இருந்தது.

பையன் கல்லூரியில் சேர்ந்த வாரம் பாய் ஒரு படுக்கை விரிப்பில் மூட்டையாகக் கட்டி அதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "நீங்க அன்னிக்குப் பாத்துக்கினு இருந்தீங்களே சார், என் மனசுலயே இருந்துச்சி."

"எதுக்கு பாய் இதெல்லாம்" என்று வாய் சொல்லியது. அதற்குள் கைகள் மூட்டையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தன.

"தெருவுல என்ன சொல்வீங்க?"

"வேலூருக்குப் பஞ்சு அடிக்க அனுப்பியிருக்குதுன்னு சொல்லிக்கறேன். இப்போதைக்கு எந்த வூட்லயும் விசேஷம் இல்ல."

அவர் எதைத் தருகிறார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எதற்காகத் தருகிறார் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியாது. அது எனக்குத் தெரியும்.

அந்த ஒரு வருஷம் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்லவேண்டும். ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் வந்து பார்த்து, இதுபோல ஒன்றை எங்கள் நாட்டில் கண்ணாடிக்குள் வைத்திருப்பார்கள் என்றார். அதைக் கேட்ட பிறகு அதன் ஓரம் என் கண்ணை உறுத்த ஆரம்பித்தது. நடுவிலிருந்த வேலைப்பாட்டோடு அந்த டெரிலினும் சீட்டியும் சேரவில்லை. புதிதாகத் தைத்ததையெல்லாம் எடுத்துவிட்டால் பழைய அளவுக்கு வந்துவிடும் என்று தோன்றியது. ஒரு மதியம் சவர பிளேடால் கடைசித் துண்டின் தையலைப் பிரித்தேன். மஞ்சளில் வெள்ளைப் பூப்போட்ட துண்டு. பாயின் சின்ன மகளுடையது. அதை எடுத்த பிறகு ஏனோ கை ஓடவில்லை. பிளேடை வைத்துவிட்டேன். துண்டை எறியவும் மனம் வராமல் ஒரு புத்தகத்துக்குள் வைத்தேன்.

மறுவருஷம் கார்த்திகை தீபத்துக்குக் கொடியேறிய சமயம் பாய் வந்தார். மாட்டுச் சந்தைக்கு வரும் கூட்டத்தில் டிரங்குப் பெட்டி நன்றாக விற்கும். கடையை விட்டு வரக்கூடிய நேரமே அல்ல அது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"என் தங்கச்சி கீழ்பென்னாத்தூர்ல இருந்து வந்திருக்குது சார். மாசமா இருக்குது. மொத ரெண்டும் அங்கதான், தங்கல. அங்க ரஜாய் இல்ல, அதான்னு அது மனசுல ஒக்காந்துக்கிச்சி. இந்த முறை ரஜாய நெனச்சிக்கினுதான் தாய் வூட்டுக்கு வந்திருக்குது. ஒரு ரெண்டு மாசம் குடுங்க சார். நானே திரும்பக் கொண்டாந்து வைக்கிறேன்."

அவர் திரும்பக் கொண்டுவரமாட்டார் என்பது எனக்குத் தெரியும். தெருவுக்குள் போய்விட்டால் அது வீடு வீடாகப் போய்க்கொண்டே இருக்கும். அதுவும் ஒரு துண்டு குறைந்து போனால், யார் எடுத்தார்கள் என்ற கேள்வி வரும்.

"மெட்ராசுக்கு அனுப்பியிருக்கேன் பாய்" என்றேன். "சுத்தம் பண்றதுக்கு. எப்ப வரும்னு தெரியல."

அவர் முகத்தில் கோபம் இல்லை. தனக்குள்ளேயே ஏதோ கணக்குப் போட்டுப் பார்ப்பவர்போல் தரையைப் பார்த்தார். "பரவாயில்ல சார்" என்று சொல்லிப் படியிறங்கினார். என் மனைவி காப்பியோடு வந்தபோது அவர் தெருவில் போய்க்கொண்டிருந்தார்.

"மெட்ராசுக்கு எப்பங்க அனுப்பினீங்க?"

நான் செய்தித்தாளை எடுத்துப் பிரித்தேன்.

"நல்ல கடையாத்தான் இருக்கும். அங்க போட்ட ரசகற்பூர உருண்ட இங்க நம்ம பெட்டியில வாசன அடிக்குதே."

அது அந்துருண்டை என்று அவளைத் திருத்தினேன். அவள் அந்தக் காப்பியைத் தானே குடித்தாள்.

அடுத்து வந்த நாட்களில் அவள் பெட்டிச் சாவியைக் கேட்கவில்லை. சாவி எங்கே இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும், எடுக்கவும் இல்லை. "நீங்களே தெறங்க" என்று மட்டும் ஒரு முறை சோறு போடும்போது சொன்னாள். நான் கல்லூரிக்குப் போய்வந்தேன். ஊரெல்லாம் கூட்டம். மாடவீதியில் வாகனம் வரும் நேரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வரவேண்டும். எந்தத் தெருவில் சுற்றி வந்தாலும் பாயின் கடை வழியாக மட்டும் வராதபடி பார்த்துக்கொண்டேன்.

தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு முற்பகல். வாசலில் ரிக்‌ஷா நிற்கும் சத்தம் கேட்டது. இரண்டு பெண்கள் மெதுவாகப் படியேறி வந்தார்கள். ஒருவர் பாயின் மனைவி. இன்னொருவர் பாயின் தங்கை, நிறைமாத வயிறு. படி ஏறியதில் மூச்சு வாங்கியது. முன்னறை நாற்காலிகள் மேல் ஈரத்துணி காய்ந்துகொண்டிருந்தது. என் மனைவி அவளைப் பின்னறைக்குக் கூட்டிப்போய், உட்காரக் கோரைப்பாய் கொண்டுவாங்க என்று எனக்குச் சொல்வதற்குள், அந்தப் பெண் கண்ணில் பட்ட டிரங்குப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இது எங்கண்ணன் செஞ்ச பொட்டி" என்று அதன் மூடியைத் தட்டினாள். "பூட்டு வைக்கிற எடத்தப் பாத்தாலே தெரியும். நல்லா ஒக்காரலாம்."

"அது பேசட்டும்னுதான் கூட்டியாந்தேன்மா" என்றார் பாயின் மனைவி. "பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா ரெண்டு வாரமா சொல்றாங்க, கால் வீங்கியிருக்குது, வந்து சேந்துடுன்னு. இது மாட்டேன்னுது. ரஜாய் வந்தாத்தான் எங்கயும் வருவேன்னு அடம் புடிக்குது."

"அடம் இல்ல அண்ணி" என்றாள் அவள். என் பக்கம் திரும்பினாள். அவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அண்ணனைப் போலவே நேராகப் பார்த்துப் பேசினாள். "சார், மெட்ராஸ்ல எந்தக் கடைன்னு அட்ரஸ் எழுதிக் குடுங்க. எங்க வூட்டுக்காரரு இன்னிக்கே பஸ் ஏறுவாரு. நாளைக்குக் கொண்டாந்துடுவாரு. திட்டு வாங்கணும்னாலும் வாங்கிக்குவாரு, அவருக்குப் பழக்கம்தான்."

பாயின் மனைவி சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரித்ததில் முதுகு பிடித்துக்கொண்டது போலிருக்கிறது, இரண்டு கைகளையும் பெட்டியின் மேல் ஊன்றிக் கண்களை மூடிக்கொண்டாள். அவள் கைக்குக் கீழே, தகரத்துக்கு உள்ளே, ஒரு சாண் தூரத்தில் ரஜாய் இருந்தது. என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எவ்வளவோ சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது இவ்வளவுதான்.

"கொஞ்சம் எழுந்திரும்மா."

அவளுக்குப் புரியவில்லை. அண்ணி கைகொடுத்து எழுப்பினார். நான் அலமாரியிலிருந்து சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தேன். மேலே கிடந்த தொம்பையையும் பட்டையும் தள்ளிவிட்டு ரஜாயை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். கனம் தாங்காது என்று என் மனைவி ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்தாள்.

"மெட்ராசுக்கு நான் அனுப்பலம்மா. பொய் சொன்னேன்."

அந்தப் பெண் ரஜாயில் முகத்தை வைத்து முகர்ந்து, "இன்னா நாத்தம் இது" என்றாள். அழுதுகொண்டே சொன்னாள். அதற்குள் பாயின் மனைவியின் விரல் ஓரத்தைத் தடவிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நின்றது.

"எம் பொண்ணுதக் காணோமே."

புத்தகத்தை எடுத்தேன். மஞ்சள் துண்டு உள்ளே தட்டையாக, கசங்காமல் இருந்தது. அதைக் கொடுக்கும்போதுதான் எனக்கு உண்மையில் வெட்கமாக இருந்தது. பெட்டியைத் திறந்தபோதுகூட அவ்வளவு இல்லை. என் மனைவி அதைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். தையல் மெஷினில் எங்கள் மகளின் பள்ளிச் சீருடைக்காகக் கோத்த கருநீல நூல் இருந்தது. நூல் மாற்றக்கூட அவள் நிற்கவில்லை. அந்தப் பெண்கள் எதிரில் நிற்க, மஞ்சள் துண்டைச் சுற்றிக் கருநீலத்தில் தைத்துக் கொடுத்தாள்.

அதே ரிக்‌ஷாவில் நேராகப் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். ரஜாய் அதுவரை தெருவை விட்டு முறையாக வெளியே போனதே இல்லையாம். அண்ணி தயங்கினார். "ஒரு வருசமா பொட்டியில குடித்தனம் பண்ணியிருக்குது, ஆஸ்பத்திரிக்கு வந்தா இன்னா" என்றாள் அந்தப் பெண்.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாயின் கடைக்குப் போனேன். சந்தைக்கு வந்த குடும்பம் ஒன்று பெட்டி பார்த்துக்கொண்டிருந்தது. அவர்கள் பேரம் முடித்துப் போகும்வரை மழையில் நின்றேன். பிறகு சொன்னேன். ரஜாய் போய்ச் சேர்ந்ததை முதலில் சொன்னேன். அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "இன்னும் ஒண்ணு இருக்கு பாய்" என்று கல்லூரிச் சீட்டு விஷயத்தையும் சொன்னேன். நீங்கள் கேட்க வந்தபோதே இடம் கிடைத்திருந்தது, நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை, பேசவேண்டிய தேவையும் இருக்கவில்லை என்றேன்.

அடிப்பார் என்று நினைக்கவில்லை. இனிமேல் என் முகத்தில் விழிக்காதீர்கள் என்பார் என்று நினைத்தேன். அவர் என்னையே பார்த்தார்.

"அப்போ அவன் மார்க்குக்குத்தான் குடுத்தாங்களா சார்?"

"அவன் மார்க்குக்குத்தான்."

"நெஜமாவா?"

"நிஜமா பாய். முதல் அஞ்சு பேர்ல இருந்தான்."

அவர் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். "ரஜாய் குடுத்து வாங்கின சீட்டுடா, ஒழுங்காப் படின்னு ஒரு வருசமா அவனத் திட்டிக்கினு இருக்கறேன் சார். சோறு துன்னும்போதெல்லாம் சொல்வேன். அவனும் வாய மூடிக்கினு கேட்டுக்கினு இருந்தான்." கொஞ்ச நேரம் கழித்து, "அஞ்சு பேர்ல இருந்தான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு எழுந்து கடைக் கதவைப் பாதி சாத்தினார். "வாங்க சார். மொதல்ல தங்கச்சியப் பாத்துட்டு வந்துடலாம். அப்பறம் காலேஜுக்குப் போய் அவன வெளிய கூப்புடணும். இன்னிக்கே சொல்லிடணும்."

உங்கள் மேல் கோபம் இல்லை என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. கோபம் இருந்திருக்கும். ஆனால் அன்று அதற்கு அவருக்கு நேரம் இல்லை.

மலையில் தீபம் எரிந்துகொண்டிருந்த நாட்களில் ஒரு விடியலில் பெண் குழந்தை பிறந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் குறைவில்லை. ஆஸ்பத்திரியில் சரியான நேரத்தில் சேர்ந்ததால்தான் என்று டாக்டர் சொன்னதாகக் கேள்வி. ரஜாயால்தான் என்று தெருவில் சொன்னார்கள். எனக்கு அதில் கருத்துச் சொல்லும் தகுதி கிடையாது. நாற்பதாம் நாள் என் மனைவியை அழைத்திருந்தார்கள். என்னை அழைக்கவில்லை. அவள் திரும்பி வந்து, வெள்ளை மல்லில் பச்சைப் புள்ளி போட்ட துண்டு என்று மட்டும் சொன்னாள்.

நான் துணி சேர்ப்பதை விட்டுவிட்டேன் என்று சொன்னால் அது பொய். சேர்த்தேன். ஆனால் ஒன்றைக் கையில் வாங்கும்போதெல்லாம் இது யாருடையது என்று மட்டும் கேட்காமல், இதை யாராவது தேடுவார்களா என்றும் கேட்கத் தொடங்கினேன். பல முறை வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் எங்கள் மகள் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தாள். பேத்தி பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று மாலை, படியில் யாரோ பாரம் தூக்கி ஏறிவரும் சத்தம். பாய். தலைமுடி நரைத்திருந்தது. தோளில் படுக்கை விரிப்பில் கட்டிய மூட்டை.

"வேணாம் பாய்" என்றேன். "தெருவுக்குள்ளதான் போகணும்."

"அதான் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துடுச்சே சார். அதுக்கும் மின்ன உங்க வூட்டுக்கே வந்துடுச்சி. அது நாங்க அனுப்பினது இல்ல. இது தங்கச்சி அனுப்புது." மூட்டையை என் கையில் தராமல் என் மனைவியிடம் கொடுத்தார். "சாருகிட்ட குடுக்காதீங்கம்மா. பொட்டியில வச்சிடுவாரு."

நாற்பது நாள் அது எங்கள் வீட்டில் விரித்தபடியே கிடந்தது. பேத்தி அந்த நட்சத்திரத்தின் மேல் எத்தனையோ முறை ஈரம் பண்ணினாள். என் மகள் பயந்துபோய் என் முகத்தைப் பார்ப்பாள். நான் அதை வெயிலில் தூக்கிப்போட்டு மாலையில் எடுத்துவந்தேன். ஒரு பழம்பொருளை அப்படி வைத்துக்கொள்வது எனக்குப் பிடித்திருந்தது. நாற்பதாம் நாள் பேத்தியின் ரோஜா நிறத் துண்டை என் மனைவி ஓரத்தில் வைத்துத் தைத்தாள். இந்த முறை நூலைப் பொருத்தமாகத் தேர்ந்தெடுத்தாள்.

அடுத்த பிரசவம் பாயின் மகன் வீட்டில். அந்த முதல் அஞ்சு பேரில் இருந்த பையன். அப்போது அவன் ஒரு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். ரஜாயை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு நானே போனேன். வாசலில் பாய் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா சார், ரஜாயோட வந்திருக்கீங்க. யாருக்குச் சீட்டு வேணும்?"

உள்ளே பெண்கள் அதைக் கட்டிலில் விரித்தார்கள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி, பாயின் சின்ன மகள், ஓரத்தில் ஒவ்வொரு துண்டாகக் காட்டி யார் யாருடையது என்று எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். மஞ்சள் துண்டில் விரலை வைத்தாள்.

"இது என்னுது. யாரோ பிச்சி வச்சிட்டாங்களாம். அதான் நூலு மட்டும் வேற கலர்."

பாயின் மனைவி அவளை அதட்டப் போனார்.

"நான்தாம்மா அது" என்றேன்.

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "எதுக்கு?"

"அழகா இல்லைன்னு நினைச்சேன்."

அவள் குனிந்து அந்தத் துண்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்லாதான இருக்குது?"

"நல்லாதான் இருக்குது" என்றேன்.